பத்து தடவை பிடுங்கிய கேபிள்

கண் மருத்துவமனையின் கம்ப்யூட்டர் தினமும் மதியத்துக்குள் மூச்சு வாங்க ஆரம்பித்தது. விழித்திரையைப் படமெடுக்கும் கேமராவுக்குப் புரோகிராம் எழுதியவள் அவள். பழியும் அவள் தலையில்தான் விழுந்தது. அங்கே நர்ஸாக இருந்த நாத்தனார்தான் டாக்டரிடம் சொல்லி அந்த வேலையை வாங்கித் தந்திருந்தாள்.

மூன்றாம் நாள் நேரிலேயே வந்து, ஓடிக்கொண்டிருக்கும் புரோகிராம்களின் பட்டியலைத் திறந்தாள். ஒன்றே ஒன்று இருக்கவேண்டிய கேமரா புரோகிராம் பதினொன்று இருந்தது. யுஎஸ்பி கேபிளைப் பிடுங்கினால் பழையது முடியாமல், இல்லாத கேமராவுக்காகக் காத்துக் கிடந்தது. திரும்பச் செருகினால் புதிதாக ஒன்று கிளம்பியது. தப்பு தன்னுடையதுதான். ஆனால் காலையிலிருந்து பத்து தடவை பிடுங்கியது யார்?

"கேபிளை யாராச்சும் கழட்டினீங்களா?"

"நான் ஏன் அண்ணி அதைத் தொடப்போறேன்?" கேட்ட வாய் மூடுமுன் நாத்தனாரிடமிருந்து பதில் வந்தது.

அந்த அவசரம் அவளை உறுத்தியது. 'அண்ணனுக்கு இவ சரிப்படுவாளா?' என்று கல்யாணப் பேச்சின்போதே கேட்டவள். வேலையை வாங்கிக் கொடுத்து, அதிலேயே மூக்கை அறுக்கப் பார்க்கிறாளோ?

ஒவ்வொரு புரோகிராமும் கிளம்பிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, நோயாளிகளின் பதிவேட்டோடு ஒப்பிட்டாள். முதலாவது காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் கிளம்பியது. மற்ற பத்துக்கும் நேரே இருந்த வயதுகள்: ஐந்து, ஏழு, நான்கு... பெரியவர் ஒருவர்கூட இல்லை.

பரிசோதனை அறைக் கதவோரம் போய் நின்றாள். உள்ளே ஒரு சிறுமி கேமராவின் சிவப்பு விளக்கைப் பார்த்து வீறிட்டாள். நாத்தனார் சட்டென்று கேபிளை உருவ, விளக்கு அணைந்தது.

"பாரு, தூங்கிடுச்சு. தொட்டுப் பாரு. இப்ப நீயே எழுப்பிவிடு."

சிறுமி தன் கையாலேயே கேபிளைச் செருகிவிட்டு, சமர்த்தாகக் கேமராவின் தாங்கியில் மோவாயை வைத்தாள்.

சிறுமி போனதும் அவள் உள்ளே நுழைந்தாள். "என்கிட்ட ஏன் மறைச்ச?"

"கழட்டக் கூடாதுன்னு டாக்டர் எழுதியே ஒட்டியிருக்காரு. நீங்க போட்டுக் கொடுத்துடுவீங்கன்னு பயந்தேன்."

"என்னை அப்படியா நினைச்ச?"

"நீங்க மட்டும் என்னை நம்பியா கதவோரம் நின்னீங்க?"

அவள் கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து, கேபிள் கழன்றதும் புரோகிராமும் முடிந்துபோகும்படி மாற்றி எழுதினாள். பிடுங்கிப் பார்த்தாள், பட்டியலில் கேமரா புரோகிராம் ஒன்றுமில்லை. செருகினாள், ஒன்று மட்டும் வந்தது.

"இனி எத்தனை தடவை வேணும்னாலும் கழட்டிக்கோ. என் புரோகிராம்லதான் கோளாறுன்னு டாக்டர்கிட்ட சொல்லிடறேன்."

"நிஜமாவா?" நாத்தனார் அவள் முகத்தையே கூர்ந்து பார்த்தாள்.

டாக்டரின் அறைக்குள் அவள் பேசி முடிக்கும்வரை, நாத்தனார் வெளியே காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள்.