பேர் ஒட்டாத மருந்து

குபோதியோன் வட்டாரத்து வயல்களில் ஏப்ரல் வெயில் ஏறியதும் வெங்காயத்துக்கு இலைப்பேன் வந்துவிடும். சவ்ரினிசோவின் வயலிலும் தாள்கள் வெள்ளிக் கோடுகளாக வெளுத்து, நுனி சுருண்டன. கணவன் ரஷ்யாவில் கட்டட வேலையில் இருந்தான். பயந்துபோனவள் சந்தையில் பேர் ஒட்டாத புட்டி ஒன்றை வாங்கினாள். ஒரு மூடி போதும் என்று கடைக்காரன் சொல்லியிருந்தான். மூன்று மூடி கலந்து, விடிந்ததும் அடித்துவிட்டாள். விளைச்சலை எடுக்கும் வியாபாரி காதுக்குப் போனால் வெங்காயத்தை வாங்க மாட்டார் என்று யாரிடமும் மூச்சுவிடவில்லை.

மதியம் தண்ணீர் திருப்பப் போனவள் வரப்பிலேயே நின்றுவிட்டாள். ஒரு பாத்தியில் தாள்கள் மொட்டையாக அறுபட்டிருந்தன. அறுத்த இடத்தில் சாறு இன்னும் காயவில்லை.

அன்று ஊரே கூடி வாய்க்கால் தூர்வாரிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டு மொஹ்பேகிம்தான் சமையல். தாளை அறுத்ததும் அவளாகத்தான் இருக்கும். குருத்தோப் செய்திருப்பாள். தயிர்க் கரைசலில் ஊறிய ரொட்டிமேல் பச்சைத் தாளை அள்ளித் தூவி, ஒரே மரத்தட்டில் எல்லோரும் கைவிட்டுச் சாப்பிடுவார்கள்.

கழுவித்தானே போட்டிருப்பாள், ஒன்றும் ஆகாது என்றது மனம். ஆனால் அந்தத் தட்டை நோக்கி நீளும் கைகள் கண்ணெதிரே தெரிந்தன. மண்வெட்டியைப் போட்டுவிட்டு ஓடினாள்.

"தொடாதீங்க! யாரும் தொடாதீங்க!"

வாய்க்கால் மேஸ்திரி ரஹ்மோனலி சிரித்தார். "நாலு தாள் அறுத்ததுக்கா தங்கச்சி இந்தக் கத்து கத்துற?"

"காலையிலதாண்ணே மருந்து அடிச்சேன்!" என்று தட்டைக் கவிழ்த்தாள்.

நீண்ட கைகள் அப்படியே நின்றன. மொஹ்பேகிம் மட்டும் வேலியைப் பிடித்துக்கொண்டு சரிந்தாள். நறுக்கும்போதே வாயில் போட்டு மென்றவள். வாயோரம் எச்சில் வழிந்தது. "சவ்ரி... கண்ணு மங்குதுடி."

ஆஸ்பத்திரியில் டாக்டர் சவ்ரினிசோ கொண்டுவந்த புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுல பேரே இல்லையேம்மா. எந்த விஷம்னு நெனச்சு நான் மருந்து குடுக்கறது?"

அறிகுறிகளை வைத்தே ஊசி போட்டார்கள். சாயங்காலம் மொஹ்பேகிம் கண் விழிக்கும்வரை சவ்ரினிசோ கட்டிலை விட்டு நகரவில்லை.

வெளியே ரஹ்மோனலி தணிந்த குரலில் சொன்னார்: "உசுரு தப்பிச்சிடுச்சு. இதோட விட்டுடு தங்கச்சி, வியாபாரிக்குத் தெரிய வேணாம். எங்க வயல்லயும் அதே மருந்துதான்."

அவள் அவரையே பார்த்தாள். மறுபடி பயம் வந்தது. இந்த முறை வாயை மூடவில்லை.

"நானே வியாபாரிகிட்ட சொல்லப்போறேண்ணே. பேர் தெரியாத மருந்த வயல்ல அடிக்கவே கூடாது. எத அடிச்சாலும் ஊருக்குச் சொல்லணும். அவள சாய்ச்சது அந்த மருந்து மட்டும் இல்ல, நான் பேசாம இருந்ததுந்தான்."