ஆறு என்ன நிறம்

மூடிக்கிடந்த சாய ஆலை அருங்காட்சியகமானபோது, சாப்பாட்டுக் கூடத்துச் சுவரோவியம் பழைய ஓவியங்களை மீட்டெடுக்கும் அவள் பொறுப்புக்கு வந்தது. ஐம்பது வருட வெயிலில் ஓவியம் வெளிறிப்போயிருந்தது. அவள் சுவரில் தூரிகை வைப்பவள் அல்ல. கேமராவால் அங்குலம் அங்குலமாக அளந்து, எந்த இடத்தில் எந்த நிறம் குறைகிறதோ அதை மட்டும் புரொஜெக்டரிலிருந்து ஒளியாகப் பாய்ச்சுவாள். அணைத்துவிட்டால் சுவர் பழையபடிதான்.

ஓவியத்தில் இருந்த ஆலையும் தொழிலாளிகளும் இரண்டே வாரத்தில் உயிர்பெற்றார்கள். ஆறுதான் சண்டித்தனம் செய்தது. வெறும் சாம்பல் நிறம். ஆறென்றால் நீலம்தானே என்று ஆலை முதலாளியின் வாரிசு சொல்லியனுப்பினார், செலவு அவருடையது. அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஆற்றின் மேல் எப்போதோ திருகி வைத்த அறிவிப்புப் பலகையைக் கழற்றினாள். வெயில் படாத அந்தத் துண்டில் ஆறு கருஞ்சிவப்பாக இருந்தது. அதே நிறத்தை ஆறு முழுக்க ஒளியில் கொண்டுவந்தாள்.

அருங்காட்சியக மேலாளர் வந்து பார்த்ததும் கூடத்தின் கதவைச் சாத்தினார். ஆற்றில் ஒரு சொட்டுச் சாயம்கூடக் கலக்கவிட்டதில்லை என்று அந்த முதலாளி குடும்பம் இன்றுவரை சாதித்து வருகிறது.

“நீலமா மாத்திடும்மா. ஒரு பொத்தான்தானே?”

“ஒரு பொத்தான்தான் சார். நான் அழுத்த மாட்டேன்.”

வீட்டில் தம்பியும் புலம்பினான்: ஊர் வம்பெல்லாம் உனக்கெதற்கு, இனி யார் வேலை தருவார்கள் என்று. அவள் சாப்பிட்டுவிட்டுத் தூங்கப் போனாள்.

திறப்பு விழாவில் திரை விலகியதும் வாரிசின் முகம் சுண்டிப்போனது. மேலாளர் ஓடிப்போய் புரொஜெக்டரை அணைத்தார். சுவர் மங்கியது. அவள் பதறவில்லை. நேராகச் சுவரருகே போய், பலகை இருந்த இடத்தில் விரலை வைத்தாள். புரொஜெக்டர் ஒளி இல்லாமலும் அது சிவப்புதான்.

முன்வரிசையில் இருந்த பழைய தொழிலாளிப் பெண்மணி ஒருவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

“அந்தத் தண்ணியிலதான் என் புள்ளைங்களைக் குளிப்பாட்டினேன். உடம்பெல்லாம் புண்ணு. திரும்பப் போடுங்க, நாங்க பாக்கணும்.”

வாரிசு வெளியேறினார். அவர் பின்னால் யாரும் போகவில்லை. அவள் புரொஜெக்டரை நோக்கி நடந்தாள். மேலாளர் கொஞ்ச நேரம் மறித்து நின்றார், பிறகு நகர்ந்துகொண்டார். ஆறு மறுபடியும் சிவந்தது.

அந்த வாரமே அவளுடைய அடுத்த ஒப்பந்தம் ரத்தானதாகக் கடிதம் வந்தது. படித்தாள், மடித்துப் பையில் போட்டாள். புரொஜெக்டர் இப்போதும் தினம் பத்து மணிக்கு எரிகிறது. ஆற்றை நீலமாக்க அதன்பின் எவருக்கும் துணிச்சல் வரவில்லை.