சண்டை மீன் வாங்குகிறவர்

கணேசமூர்த்தி மீன் தொட்டி வாங்கி வந்த அன்றைக்கே அவர் மனைவி பஞ்சாலைக்கு என்னவோ சரியில்லை என்று பட்டுவிட்டது.

ரந்தாவுக்கு வெளியே உள்ள செம்பனைத் தோட்டத்தில் குலை லாரி ஓட்டுகிறவர் அவர். வேலை விட்டு வந்தால் குளியல், பாலில்லாமல் ஒரு தே ஓ, டிவியில் செய்தி, படுக்கை. வீட்டுக்குள் பூனை எட்டிப் பார்த்தாலே செருப்பை எடுப்பார். மிளகாய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றச் சொன்னால் "மழ வரும்லா" என்பார். அப்படிப்பட்ட மனுஷன் ஒரு சனிக்கிழமை மாலை ஒன்றரை அடி கண்ணாடித் தொட்டியைக் காரின் பின்சீட்டில் வைத்து, பிள்ளையைப் போர்த்துகிற மாதிரி துண்டால் போர்த்திக் கொண்டுவந்து இறக்கினார்.

"என்னாங்க இது?"

"மீனு வளக்கலாம்னு."

"யாரு? நீங்களா?"

"ஏன், நான் வளக்கக் கூடாதா?"

அதற்கு மேல் அவர் பேசவில்லை. மகன் தர்மேந்திரன் கல்யாணமாகிப் பாரோய்க்குப் போனபிறகு வீடு வெறிச்சென்று இருக்கிறது, மனுஷனுக்கும் பொழுது போக வேண்டாமா என்று பஞ்சாலை தனக்குத்தானே சொல்லிப் பார்த்தாள். அது மனசில் நிற்கவில்லை.

முதலில் விசிறி வால் வைத்த கப்பி மீன்கள் வந்தன. பார்க்க அழகாகத்தான் இருந்தன. அடுத்த சனிக்கிழமை அவற்றோடு ஒரு நீலச் சண்டை மீனைக் கொண்டுவந்து விட்டார். அது கப்பிகளின் வாலை எல்லாம் கிழித்துப் போட்டது. அதை எடுத்துவிட்டு, உடம்பில் நீலக்கோடு மின்னுகிற நியோன் என்று ஊசி ஊசியாக மீன்கள். பிறகு தட்டை உடம்பும் நீளத் துடுப்புமாக ஒரு ஏஞ்சல். நியோன்கள் ஒன்றொன்றாகக் காணாமல் போயின. ஏஞ்சல் மட்டும் கொழுத்தது. கடைசியாகக் கறுப்புக்கோடு போட்ட பார்ப் மீன்கள் நாலு வந்தன. அவை ஏஞ்சலின் துடுப்பைக் கடித்துக்கொண்டே திரிந்தன.

மீன் சாவது பஞ்சாலைக்குப் பெரிசில்லை. செத்த மீனை மிளகாய்ச் செடியடியில் புதைக்கும்போது அவர் முகம் வாடவில்லை என்பதுதான் அவளை உறுத்தியது. வாடுவதற்குப் பதில் ஒரு சுறுசுறுப்பு வரும். உடனே குளித்து, சட்டை மாற்றி, கார் சாவியை எடுத்துக்கொண்டு, "சிரம்பான் லோபாக் வரைக்கும் போய்ட்டு வந்துர்றேன்" என்பார். தலைக்குச் சாயமும் அந்த மாதத்தில்தான் அடிக்க ஆரம்பித்தார்.

பக்கத்து வீட்டு வள்ளியம்மா கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினாள். "எங்க மச்சான் ஒருத்தரு இப்படித்தான் பொறா வளத்தாரு. பொறா வாங்கப் போறேன், பொறா வாங்கப் போறேன்னு போவாரு. கடைசில பாத்தா போர்ட் டிக்சன்ல ஒரு குடும்பமே இருந்துச்சு."

"சும்மா இருங்கக்கா," என்றாள் பஞ்சாலை. ஆனால் அன்றைக்கு வேலை பார்க்கிற பள்ளிக்கூட கேன்டீனில் மீ கோரெங் நூடுல்ஸ் கிண்டும்போது இரண்டு தரம் உப்பைப் போட்டுவிட்டாள்.

பிறகு அந்தப் போன். ஒரு வியாழக்கிழமை அந்தி நேரம், துணி எடுக்கக் கொல்லைப்பக்கம் போனவள் சுவருக்கு அந்தப்பக்கம் அவர் குரலைக் கேட்டு நின்றாள். அடக்கமான, குழைந்த குரல். அவளிடம் அவர் அப்படிப் பேசி எத்தனையோ வருஷம் ஆயிற்று.

"பழசு சும்மா இருக்குமா? புதுசக் கண்டா பாஞ்சுறாதா? ... ம். ... அப்ப மொதல்ல கொஞ்ச நாளு தனியா வச்சிருந்து, பழகுனப்பறம் ஒண்ணா விட்டுறலாமா? ... சரிம்மா. நீ சொன்னா சரிதான்."

கொடித் துணியைப் பிடித்தபடி பஞ்சாலை அசையாமல் நின்றாள். பழசு யார் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை.

மறுநாள் வெள்ளிக்கிழமை. கேன்டீன் வேலையைச் சீக்கிரமே முடித்துக்கொண்டு சிரம்பானுக்கு பஸ் ஏறினாள். அவர் கொண்டுவரும் பிளாஸ்டிக் பையில் கடைப் பெயர் இருந்தது. லோபாக்கில் இறங்கி இரண்டு பேரை விசாரித்ததும் கடை கிடைத்துவிட்டது. சொல்ல வேண்டியதை வழியெல்லாம் மனசுக்குள் அடுக்கிக்கொண்டே வந்திருந்தாள்.

கடைக்குள் சுவர் முழுக்கத் தொட்டிகள், மோட்டார் இரைச்சல், பாசி வாசம். கல்லாவில் முதலாளி நுஃமான் கணினியைப் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே வலையும் கையுமாக ஒரு பெண். இருபத்தெட்டு வயது இருக்கும். தலைமுடியைத் தூக்கிக் கட்டி, முழங்கை வரை நனைந்திருந்தாள். வேறு பெண்ணே அங்கே இல்லை.

மகள் வயசு. இதற்கா சாயம் என்று நினைத்தபோது பஞ்சாலைக்கு நெஞ்சு எரிந்தது. ஆனாலும் எடுத்தவுடனே கத்தக் கூடாது, ஆழம் பார்க்க வேண்டும் என்று அடக்கிக்கொண்டாள்.

"என்னா மீனு பாக்குறீங்க ஆன்ட்டி?"

"வீட்டுக்குத்தான். நான் புதுசு, ஒண்ணும் தெரியாது. எது எதோட ஒத்துப்போகும்னு சொல்லும்மா."

"தொட்டி எவ்வளவு பெருசு?"

பஞ்சாலை கையை விரித்துக் காட்டினாள்.

"ஒன்றரை அடி. ரொம்பச் சின்னது. அதுல எல்லாத்தையும் விடக் கூடாது," என்று ஆரம்பித்தாள் அந்தப் பெண். வாயைத் திறந்தவள் நிறுத்தவே இல்லை. கடையில் இருக்கிற அளவைப் பார்த்து வாங்கக் கூடாதாம், வளர்ந்தால் எவ்வளவு ஆகும் என்று கேட்க வேண்டுமாம். ஒன்றின் வாய்க்குள் இன்னொன்று நுழையும் என்றால் ஒரு நாள் நுழைந்தேவிடுமாம். நீள வால் உள்ளதையும் கடிக்கிற சாதியையும் சேர்க்கவே கூடாதாம். சண்டை மீன் என்றால் தனியாக விட்டுவிட வேண்டுமாம். நியோன் கூட்டமாக வாழ்கிற மீன், ஏழெட்டாவது சேர்ந்து இருந்தால்தான் பயமில்லாமல் திரியுமாம். "எல்லாத்துக்கும் முன்னாடி, மீனே இல்லாம பில்டர ஓட விட்டு வைக்கணும் ஆன்ட்டி. தண்ணி பதமாக மூணு நாலு வாரம் ஆகும். யாரும் பொறுக்க மாட்டாங்க. சரி, இப்ப உள்ள என்னா இருக்கு?"

"ஒரு ஏஞ்சலு. கோடு போட்ட சின்ன மீனு நாலு. அது இத கடிச்சுக்கிட்டே இருக்கு."

அந்தப் பெண்ணின் கை நின்றது. இடது காது மடலைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டு பஞ்சாலையையே பார்த்தாள்.

அந்தத் தேய்ப்பு பஞ்சாலைக்குத் தெரிந்த தேய்ப்பு. யோசனை வந்தால் கணேசமூர்த்தியின் கை அங்கேதான் போகும். மூக்கும் அதே மூக்கு, நுனியில் கொஞ்சம் சப்பை. அந்த நேரம் பார்த்து நுஃமான் கல்லாவிலிருந்து கூப்பிட்டார்: "லோகா, அந்தச் சின்ன பம்பு எங்க வச்சே?"

அந்தப் பேரைப் பஞ்சாலை முன்பு ஒரே ஒரு தடவை கேட்டிருந்தாள். அவளைப் பெண் கேட்டு வந்தபோது கணேசமூர்த்தியின் அக்கா சொன்னது. 'தம்பிக்கு மொத சம்சாரம் இருந்துச்சு, ஒத்து வரல, போயிருச்சு. லோகேஸ்வரின்னு ஒரு பொண்ணு, லோகான்னு கூப்புடுவோம். அதுவும் அம்மாவோட குளுவாங்ல இருக்கு. அதப் பத்தி நீ கேக்கவும் வேணாம், அவன் சொல்லவும் மாட்டான்.' பஞ்சாலை கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. இருபத்து நாலு வருஷம் அப்படியே போய்விட்டது.

பக்கத்தில் இருந்த நாற்காலியில் அவள் உட்கார்ந்துவிட்டாள்.

"ஆன்ட்டி ரந்தாவ்ல இருந்து வர்றீங்களா?" என்று கேட்டாள் லோகேஸ்வரி.

"ஆமா."

"அந்த ஏஞ்சலையும் பார்ப்பையும் சேத்து விக்க மாட்டேன்னு அங்கிள்கிட்ட எவ்வளவோ சொன்னேன். கேக்கல. எது எதோட ஒத்துப்போகும்னு ஒவ்வொரு வாரமும் கேப்பாரு. நானும் சொல்வேன். எல்லாத்தையும் கேட்டுட்டு ஒத்துப்போகாததா பாத்து எடுப்பாரு. அடுத்த வாரம் வந்து, சண்ட போட்டு செத்துப்போச்சும்பாரு." வலையைத் தொட்டி விளிம்பில் வைத்தாள். "மொதல்ல ஒரு மாதிரி ஆளுன்னு நெனச்சேன். பாஸ்கிட்டகூடச் சொல்லி வச்சேன். அப்பறம் போன் நம்பரு கொடுக்குறப்ப கணேசமூர்த்தி, ரந்தாவ்னாரு. வீட்டுக்குப் போயி எங்கம்மாவோட கல்யாண போட்டோவ எடுத்துப் பாத்தேன். முடிதான் கொறஞ்சிருக்கு."

"தெரிஞ்சும் ஏம்மா கேக்கல?"

"வந்தது அவரு. சொல்ல வேண்டியதும் அவருதான்." வலையை மறுபடி எடுத்துத் தண்ணீரில் அலசினாள். "இத்தன வருஷம் வராதவரு இப்ப எதுக்கு வர்றாருன்னு எனக்கு எப்படித் தெரியும்? அம்மா செத்து ஒரு வருஷம் ஆகப்போவுது. அதுக்கு வரல. கிட்னி எதுவும் வேணும்னு கேப்பாரோன்னுகூட நெனச்சேன்."

பஞ்சாலைக்கு அவளைத் தொட்டு ஏதாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது என்று தெரியவில்லை. "நேரமாச்சு, பஸ்சு போயிரும்" என்று எழுந்து வந்துவிட்டாள்.

பஸ்ஸில் கோபம் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் சுற்றியது. சின்ன வீடு இல்லை. சரி. ஆனால் தன்னிடம் ஏன் மறைத்தார்? அந்தப் பெண்ணை வீட்டுக்கே கொண்டுவரத் திட்டமா? தர்மேந்திரனுக்கு என்ன சொல்வது? அந்தப் பெண்தான் என்ன நினைப்பில் இருக்கிறாள்? கெட்டிக்காரி, எல்லாம் தெரிந்தும் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறாளே.

வீட்டில் கணேசமூர்த்தி தொட்டி முன்னால் குந்தியிருந்தார்.

"லோபாக் போய்ட்டு வந்தேன்," என்றாள் பஞ்சாலை.

அவர் திரும்பவில்லை. முதுகு மட்டும் விறைத்தது.

"பொண்ணு ஒங்க மூக்கு."

அவர் தொட்டியிடம் சொல்கிற மாதிரி பேச ஆரம்பித்தார். "தோட்டத்து மாயாண்டி அண்ணன்தான் சொன்னாரு, அவ அம்மா தவறிட்டா, புள்ள லோபாக்ல வேலைக்கு நிக்குதுன்னு. சின்னதுல ஒருவாட்டி குளுவாங் போனேன். கதவத் தொறக்கல. அதோட விட்டுட்டேன். இன்னொருவாட்டி போயிருக்கணும்."

"கடைக்குப் போயி சொல்லியிருக்கலாம்ல?"

"சொல்லணும்னுதான் போவேன். உள்ள நொழஞ்சா என்ன வேணும்னு கேப்பா. மீனுன்னுருவேன். மீனப் பத்திக் கேட்டா வாய் ஓயாம பேசுவா. வேற எதாச்சும் கேட்டா ரெண்டு வார்த்த. எல்லா மீனும் ஒழுங்கா இருந்துட்டா மறுக்கா எதச் சொல்லிப் போறது?"

"என்கிட்ட ஏன் சொல்லல?"

அவர் கை இடது காது மடலுக்குப் போயிற்று. "நீ வேணாம்னுட்டா நான் போக முடியாது. சொல்லாம இருந்தா போய்க்கிட்டிருக்கலாம்."

'நான் வேணாம்னு சொல்லுவேன்னு எப்படி முடிவு பண்ணுனீங்க' என்று கேட்க வாயெடுத்தாள். முன்பே சொல்லியிருந்தால் தான் என்ன சொல்லியிருப்போம் என்று அவளுக்கே நிச்சயமில்லை. கேட்காமல் உள்ளே போய் அரிசி களைந்தாள்.

சனிக்கிழமை அவர் குளித்துவிட்டு வந்தபோது பஞ்சாலை காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருந்தாள்.

கடையில் கணேசமூர்த்தி வழக்கம்போலத் தொட்டிகளைப் பார்த்துக்கொண்டே நடந்தார். பஞ்சாலை அவர் முழங்கையைப் பிடித்து நிறுத்தினாள். "இன்னைக்கு மீனு வேணாம். சொல்லுங்க."

"லோகா," என்றார். "நான் வந்து..."

"தெரியும் அங்கிள்," என்றாள் அவள்.

அந்த 'அங்கிள்' அவர் முகத்தில் போய் விழுந்ததைப் பஞ்சாலை பார்த்தாள். லோகேஸ்வரியும் பார்த்தாள், மாற்றிச் சொல்லவில்லை. கையைத் துடைத்துக்கொண்டே, "ஒடம்புக்கு எதுவும் முடியலயா?" என்று கேட்டாள்.

"இல்லியே. நல்லாத்தான் இருக்கேன். ஏன்?"

பஞ்சாலைக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தும் முடியவில்லை. லோகேஸ்வரி உதட்டைக் கடித்துக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"நாளைக்கு லீவு," என்றாள் அவள், மீன்களுக்குச் சொல்வது போல. "வந்து அந்தத் தொட்டியப் பாக்குறேன். ஏஞ்சல அப்படியே விட்டா செத்துரும்."

ஞாயிற்றுக்கிழமை மோட்டார் சைக்கிளில் வந்தாள். வீட்டுக்குள் நுழையுமுன் வாசலில் நின்று எல்லாவற்றையும் ஒரு பார்வை பார்த்தாள். பஞ்சாலை அவள் பார்ப்பதைப் பார்த்தாள். சாப்பிடக் கூப்பிட்டதற்குச் சாப்பிட்டுவிட்டேன் என்றாள். தொட்டி முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நியோன்கள் எங்கே போயின என்று விசாரித்தாள். பிறகு ஏஞ்சலை ஒரு பையிலும் பார்ப்புகளை இன்னொரு பையிலும் பிடித்துக் கட்டினாள். "இத பெரிய தொட்டில விட்டுர்றேன். இங்க பில்டர் மட்டும் ஓடட்டும். நாலு வாரம் ஒரு மீனும் கெடையாது. அப்பறம் எட்டு நியோன், அடில மேயிறதுக்குக் குட்டிக் கோரி மீனு நாலு. அதையும் ஒரே நாள்ல விடக் கூடாது. அவ்வளவுதான். வேற எது கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

"சரிம்மா," என்றார் கணேசமூர்த்தி.

போகும்போது சுவரில் மாட்டியிருந்த மகனின் கல்யாணப் படத்தைக் காட்டி, "இதுதான் தம்பியா?" என்று கேட்டாள்.

"ஆமா. தர்மேந்திரன். பாரோய்ல இருக்கான்," என்றாள் பஞ்சாலை. சொன்ன பிறகு, ஊரைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று ஒரு கணம் தோன்றியது. அப்படித் தோன்றியதற்கு வெட்கமாகவும் இருந்தது. உள்ளே போய் ரசத்தையும் கோழிப் பிரட்டலையும் டப்பாவில் போட்டுக் கொண்டுவந்து மோட்டாரின் கொக்கியில் மாட்டினாள். லோகேஸ்வரி வேண்டாம் என்று சொல்லவில்லை.

அன்று மாலையே தர்மேந்திரனுக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னாள். அவன் எல்லாவற்றையும் கேட்டு முடித்தான். பிறகு, "என்னா எண்ணத்துலம்மா வர்றாங்க அவங்க?" என்றான்.

"அவளும் அதத்தான் கேட்டா," என்றாள் பஞ்சாலை. "நீ ஒரு நாளு வந்து நேர்ல பாரு."

அடுத்த சனிக்கிழமையும் கணேசமூர்த்தி குளித்துச் சட்டை மாற்றினார். தொட்டியில் தண்ணீர் மட்டும்தான் ஓடிக்கொண்டிருந்தது. சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன சொல்லிப் போவது என்று தெரியாமல் வாசலிலேயே நின்றார்.

"சும்மா போய்ட்டு வாங்க," என்றாள் பஞ்சாலை.