நிலாவுக்கு இடம்

ஸ்டிக்கர் கடை அக்சிலியா கத்தி நுனியால் ‘ண்’ணின் சுழிக்குள் இருந்த மஞ்சள் ஸ்டிக்கரைக் கிள்ளி எடுத்தாள். லாரிக் கண்ணாடிக்கென்றே கம்ப்யூட்டரில் அவள் வரைந்த எழுத்து அது. தடிமன், ஒடுக்கம், வலப்பக்கச் சாய்வு. வாலும் பூவேலையும் கிடையாது. நெருக்கினால் சுழிகள் அடைத்துக்கொள்ளும் என்று ஒவ்வொன்றையும் அகட்டியிருந்தாள். நாமக்கல்லில் பாதி லாரிகள் நின்ற இடத்திலேயே ஓடுவதுபோல் தெரிவதற்கு அவள்தான் காரணம்.

லாரி முதலாளி சின்னண்ணன், லாரி உரிமையாளர் சங்கத்தின் முன்னாள் துணைப் பொருளாளர். துணைப் பொருளாளராக ஏழு மாதம் இருந்தார். முன்னாளாகப் பன்னிரண்டு வருடமாக இருக்கிறார். அவருக்கு மூன்றாவது பேத்தி நிலா பிறந்திருந்தாள்.

“அம்மிணி, கண்ணாத்தாள் துணை, கிருத்திகா, யுவஸ்ரீ... இவங்களோட நெலாவுக்கும் எடம் பத்துமா?”

“ஒடுக்க எழுத்துங்க. எல்லாரும் ஒரே வரிசைல ஒக்காந்துருவாங்க. அரையடி மிச்சமே இருக்கும்.”

டிரைவர் தோமினிக் முன்னால் வந்தான். ஆறடிக்கு மேலே இரண்டு அங்குலம். கண்ணாடியில் இருந்த பழைய பெயர்களுக்கே குனிந்து ஓட்டிக் கழுத்து பிடித்திருந்தது. போன மாதம் சிவப்பு விளக்கு தெரியாமல் போய் மாட்டினான். மறுபடி மாட்டினால் மூன்று மாதம் லைசென்ஸ் கிடையாது.

“அப்ப எழுத்தச் சின்னதாக்கிரலாங்க மொதலாளி. எனக்கு ரோடு தெரியணும்.”

சின்னண்ணன் கண்ணாடியை அண்ணாந்து பார்த்தார். “அகலம் மிச்சமாச்சில்ல? ஒசரத்தக் கூட்டிப்போடு அம்மிணி.”

“கூட்டுனா அண்ணன் மூஞ்சிக்கு நேரா வருமுங்க.”

“டிரைவர் படிக்கவா பேரு போடறோம்? எதுக்க வாரவன் படிக்கோணும்.”

ஒட்டி முடித்ததும் தோமினிக் சீட்டில் ஏறி உட்கார்ந்தான். ‘கண்ணாத்தாள்’ சரியாக அவன் கண்ணுக்கு முன்னே. எழுத்துக்கு எழுத்து இடைவெளியே இல்லை. அக்சிலியா அகட்டிவிட்ட சுழிக்குள் மட்டும் எதிர்க்கடை ஷட்டரில் ஒரு துண்டு தெரிந்தது.

பதினோராம் நாள் சேலத்தில் சிக்னல் சிவப்பாக இருந்தது. சுழிக்குள் அது அகப்படவில்லை. லைசென்ஸ் போயிற்று.

மறுநாள் முதலாளி ஸ்டிக்கர் கடைக்குக் கூப்பிட்டார். பெயர்களைச் சுரண்டத்தான் கூப்பிடுகிறார் என்று தோமினிக் வேகமாக வந்தான்.

“மூணு மாசந்தாங்க. அதுக்குள்ள எழுத்தக் கொறைச்சுட்டா, திரும்பி வந்து...”

“பொறந்த புள்ள பேரச் சொரண்டச் சொல்றியா சாமி? அதுக்கு வேற வழி பண்ணிட்டேன்.” சின்னண்ணன் ஒரு சீட்டை அக்சிலியாவிடம் நீட்டினார். “அதே ஓடற எழுத்துல அடிச்சுக்குடு அம்மிணி.”

அவள் வாசித்தாள். தோமினிக்கைப் பார்த்தாள். பிறகு மெஷினை ஓட்டினாள்.

‘டிரைவர் தேவை. உயரம் ஐந்தேகால் அடிக்குள்.’

பார்ப்பவர் கண்ணில் படும்படி கடை ஷட்டருக்கு மேலே ஒட்ட வேண்டும். அக்சிலியா ஸ்டூலைத் தேடினாள்.

“ஸ்டூல் எதுக்கு? தோமினிக்கு, நீதான் ஒசரம். சித்த ஒட்டிப்போட்டுப் போ.”

அவன் கையை நீட்டினான். குதிகாலைக்கூடத் தூக்க வேண்டியிருக்கவில்லை.