உடைசல் ஜன்னல்

அன்றைக்கு லீவினுக்கு முழங்கால் வலிகூடப் பெரிதாகத் தெரியவில்லை. இதுதான் கடைசி வெள்ளிக்கிழமை. தாத்தா கமீல் பட்டை மணக்கும் ஸ்பெகுலோஸ் பிஸ்கட் சுட ஆரம்பித்த காலத்தில், உடைந்ததை எறிய மனம் வராமல் பட்டறைச் சுவரில் ஒரு ஜன்னல் வைத்தார். வெள்ளிதோறும் உடைசல் பை அரை விலைக்கு. அவருக்குப் பின் அப்பா, அப்பாவுக்குப் பின் லீவின். முப்பது வருஷமாக டெண்டர் ஆற்றுக் காற்று அவள் முகத்தில்தான் அடிக்கிறது. பெரிதாக வருமானமும் இல்லை, நின்று நின்று கால் போனதுதான் மிச்சம்.

தம்பி யோரிஸ் போட்ட புது மெஷினில் ஒன்றுகூட உடைவதில்லை. உடைசல் இல்லையென்றால் ஜன்னலும் இல்லை. அப்பாடா என்றிருந்தது அவளுக்கு.

வரிசையில் நிற்பவர்களிடம் சொல்வது மட்டும்தான் பாக்கி. முதலில் நின்றவள் இர்மா. இங்கேயே பாக்கிங்கில் காலம் தள்ளி ஓய்வு பெற்றவள், வாய் சும்மா இருக்காது. லீவின் விஷயத்தைச் சொல்லி, முழு பிஸ்கட் பாக்கெட் ஒன்றை இனாமாக நீட்டினாள். இர்மா கை நீட்டவில்லை.

"சும்மா குடுத்தா அது தர்மம். நான் காசு குடுத்து வாங்குறவ."

"அப்ப அந்த அரை வெலைக்கே எடுத்துக்கோங்க, இர்மா அக்கா."

"முழுசுக்கு அரை வெலையா? அதுவும் தர்மந்தான், வேற சட்டை போட்டுக்கிட்டு வந்திருக்கு."

பின்னால் நின்றவர்களும் கலையத் தொடங்கினார்கள். வீம்பு பிடித்த கிழவி, போனால் போகட்டும் என்றுதான் லீவின் நினைத்தாள். ஆனால் இர்மா காலிப் பையை மடிப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. உள்ளே கொஞ்சம் உடைசல் கிடக்கும், இருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

தட்டுத் தட்டாக நல்ல பிஸ்கட்டை அவள் உடைத்துக்கொண்டிருந்தபோது யோரிஸ் வந்துவிட்டான். உடையக் கூடாதென்றுதானே இவ்வளவு செலவு செய்தோம், புத்தி கெட்டுப்போச்சா என்று கத்தினான். அவள் இர்மா சொன்னதைச் சொன்னாள். அவன் வரிசையை எட்டிப் பார்த்தான். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு, ஒரு தட்டை எடுத்து அவனும் உடைத்தான்.

"வெள்ளிக்கெழம மட்டும் மெஷின் பெல்ட்டை வேகமா ஓட விடறேன்க்கா. தானா விழுந்து ஒடையும்."

"அப்ப ஜன்னல்ல யாரு நிக்கிறது?"

அவன் உடைசலைப் பைகளில் அள்ளிப் போட்டு அவளிடமே நீட்டினான்.

அழுகை வந்தது. அழக்கூடத் தெம்பில்லை. ஒரு கையில் பைகளும் மறு கையில் நாற்காலியுமாக இழுத்துக்கொண்டு ஜன்னலுக்குப் போனாள். தாத்தாவோ அப்பாவோ அங்கே ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

இர்மா காசை வைத்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டாள்.

"என்ன, உக்காந்துட்ட?"

"அடுத்த வாரமும் நான் வரணுமே," என்றாள் லீவின்.