சொந்தத் துடிப்பு

"தலை லேசாக் கிறங்கும். கிறங்குனா உடனே சொல்லிரணும், என்னம்மா?" என்றாள் எழில்.

முத்துப்பேச்சி படுத்தபடியே தலையாட்டினாள். அவளுடைய இடது கழுத்தெலும்புக்குக் கீழே, தோலுக்குள் தீப்பெட்டி அளவுக்கு ஒரு மேடு இருந்தது. அந்த மேட்டின்மேல் எழில் வட்டமான ஒரு கருவியை வைத்து, அதோடு வயரால் சேர்ந்திருந்த திரையைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள். பேஸ்மேக்கர் வைத்தவர்களின் மெஷினைச் சோதிப்பதுதான் அவளுக்கு வேலை. சின்ன வயசு. ஆனாலும் அந்த அறையில் டாக்டரம்மாவே அவள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டிலின் கால்மாட்டில் முத்துப்பேச்சியின் வீட்டுக்காரர் சங்கிலிமுத்து நின்றார். ஏழாயிரம்பண்ணைப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். கம்பெனியில் அவர் குரல் நாலு ஷெட்டுக்குக் கேட்கும். மதுரையில் இந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததிலிருந்து இருமுவதற்குக்கூட யோசித்துக்கொண்டிருந்தார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால், அதே கம்பெனியில் திரி அடுக்கிக்கொண்டிருந்த இடத்திலேயே முத்துப்பேச்சி மயங்கி விழுந்தாள். வெயில் என்றார்கள், சரியாகச் சாப்பிடவில்லை என்றார்கள். திரும்பத் திரும்ப விழுந்த பிறகுதான் இதயத்தின் மேலறை சொல்வது கீழறைக்குப் போய்ச் சேரவில்லை என்று கண்டுபிடித்து இந்த மெஷினை வைத்தார்கள். தேறி வேலைக்கு வந்த அன்றைக்கு, உடம்புக்குள் பேட்டரி இருக்கிற ஆளை வெடிமருந்து அறைக்குள் விடமாட்டேன் என்று வாசலில் மறித்தவர் வேறு யாருமில்லை, சங்கிலிமுத்துதான். செல்போனுக்கு என்ன சட்டமோ அதுவேதான் பெண்டாட்டிக்கும். அன்றிலிருந்து லேபிள் ஒட்டும் ஷெட்டில் உட்கார்ந்துகொண்டு, "கட்டுன பொண்டாட்டியவே அணுகுண்டுன்னு சொன்ன மனுசன்" என்று போவோர் வருவோரிடமெல்லாம் அவரை வாரிக்கொண்டிருந்தாள் அவள். கல்யாண வீட்டிலும் விடுவதில்லை, கருமாதி வீட்டிலும் விடுவதில்லை.

இந்த வருஷம் அதே இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி. ஆபரேஷன் செய்து எடுத்தாகிவிட்டது. மிச்சம் மீதி இருந்தால் திரும்ப வரும், கதிர் வைத்தே ஆக வேண்டும் என்றார்கள். ஊரில் அதற்குக் கரண்டு வைப்பது என்று பேர். பேட்டரி இருக்கிற நெஞ்சில் கரண்டு வைத்தால் என்ன ஆகும் என்று சங்கிலிமுத்து இரண்டு தடவை கேட்டார். டாக்டரம்மா பொறுமையாகத்தான் எடுத்துச் சொன்னார். மெஷின்மேல் கதிர் நேரடியாகப் படாதபடி கோணமெல்லாம் கணக்குப் போட்டாயிற்று. ஆனால் ஓரத்தில் கொஞ்சம் சிதறத்தான் செய்யும். அந்தக் கொஞ்சத்துக்கே சில நேரம் உள்ளே இருக்கிற மெஷின் தடுமாறலாம். அதனால்தான் தொடங்குவதற்கு முன்னால் சோதனை, நடக்கும்போது காவல், அதற்கப்புறமும் வாராவாரம் சோதனை.

"தடுமாறுனா?" என்று கேட்டார் சங்கிலிமுத்து.

"அவங்களுக்குச் சொந்தத் துடிப்பு எவ்வளவு இருக்குன்னு பாக்கணும். அதைப் பொறுத்துத்தான் சொல்ல முடியும்" என்றார் டாக்டரம்மா.

அதைத்தான் எழில் இப்போது பார்க்கப்போகிறாள். திரையில் ஒவ்வொரு துடிப்புக்கும் முன்னால் ஊசி மாதிரி ஒரு கோடு எழுந்துகொண்டிருந்தது. ஊசி என்பது மெஷின் தட்டுகிற தட்டு, பின்னால் வருகிற மேடு இதயம் சொல்கிற பதில் என்று சங்கிலிமுத்துவுக்கும் விளக்கியிருந்தாள். மெஷினின் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தாள். ஊசிகளுக்கு நடுவே இடைவெளி கூடியது. பிறகு ஊசி வரவில்லை. மேடும் வரவில்லை. கோடு மட்டும் படுத்த வாக்கில் போய்க்கொண்டே இருந்தது.

முத்துப்பேச்சியின் கண்கள் மேலே செருகின. "என்னமோ இருட்டிக்கிட்டு..." என்று அவள் முடிப்பதற்குள் எழிலின் விரல் திரையைத் தொட்டது. ஊசி எழுந்தது. உடனே மேடும் எழுந்தது. முத்துப்பேச்சியின் முகத்தில் ரத்தம் ஏறுவதைச் சங்கிலிமுத்து கண்ணால் பார்த்தார்.

"சொந்தத் துடிப்பே இல்ல மேடம். முழுக்க மெஷின்தான்" என்றாள் எழில்.

சங்கிலிமுத்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு முதலில் வந்தது பயமில்லை, மலைப்புதான். இந்த ஆறு வருஷமும் அவள் சண்டை போட்டது, மகள் கல்யாணத்தில் பந்திக்குப் பந்தி ஓடியது, சிரித்துச் சிரித்துப் புரையேறியது, பக்கத்தில் படுத்துக் குறட்டை விட்டது, எல்லாவற்றுக்கும் அடியில் அந்தத் தீப்பெட்டி விடாமல் தட்டியிருக்கிறது. ஒரு தட்டைக்கூட அது மறக்கவில்லை. தான் கும்பிடுகிற பத்திரகாளிகூட ஒரு குடும்பத்துக்கு இவ்வளவு விழுந்து விழுந்து காவல் காத்திருப்பாளா என்று அவருக்குச் சந்தேகம் வந்தது. நினைத்த மாத்திரத்தில் கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

கதிர் அறை தரைக்குக் கீழே இருந்தது. வாசலில் நின்று சுவரின் கனத்தைப் பார்த்ததும் சங்கிலிமுத்துவுக்கு அந்த இடம் ஓரளவு பிடிபட்டது. வெடித்தால் பக்கத்து அறைக்குப் போகக் கூடாது என்று கட்டுகிற சுவரைப் பார்த்தே வயசானவர் அவர். ஆனால் இத்தனை தடிமனில் அவர் கண்டதில்லை. வெடிக்காத ஒன்றுக்கு எதற்கு இவ்வளவு சுவர்? கதிர் மெஷினை இயக்குகிற செல்வக்குமாரிடம் கேட்க நாக்கு வரை வந்தது, கேட்கவில்லை.

முத்துப்பேச்சி ஆஸ்பத்திரி கவுனில் நடந்து போனாள். வாசலுக்கு உள்பக்கம் சுவரில் ஒரு எவர்சில்வர் தகடும் அதன் நடுவில் சிவப்பாக ஒரு குமிழும் இருந்தன. பட்டாசுக் கம்பெனியில் மருந்து அறை வாசலில் செம்புத் தகடு பதித்திருப்பார்கள். உள்ளே போகிறவர்கள் அதில் உள்ளங்கையை வைத்து, உடம்பில் சேர்ந்திருக்கிற கரண்டை மண்ணுக்கு இறக்கிவிட்டுத்தான் காலெடுத்து வைக்க வேண்டும். வைக்காதவர்களைச் சங்கிலிமுத்துவே எத்தனையோ தடவை திருப்பி அனுப்பியிருக்கிறார். முத்துப்பேச்சி நின்றாள். கையைக் கவுனில் துடைத்துக்கொண்டு, குமிழோடு சேர்த்துத் தகட்டின்மேல் பக்தியாக அழுத்தினாள்.

டப் என்று ஒரு சத்தம். உள்ளே உறுமிக்கொண்டிருந்த மெஷின் அடங்கிப்போனது.

"ஐயோ அம்மா! அது எமர்ஜென்சி ஸ்விட்சு!" செல்வக்குமார் தலையில் கை வைத்துக்கொண்டார்.

சங்கிலிமுத்துவுக்கு அவள்மேல் கோபம் வரவில்லை. அந்த இடத்தில் அவர் போயிருந்தாலும் அதைத்தான் தொட்டிருப்பார். ஒன்றும் கெட்டுப்போகவில்லை, திரும்ப உயிர் கொடுத்துச் சரிபார்க்க நேரமாகும், உட்காருங்கள் என்றார் செல்வக்குமார். இரண்டு பேரும் வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார்கள்.

"ஏங்க, ஊருக்குப் போயிருவோம்" என்றாள் முத்துப்பேச்சி.

"என்ன பேச்சி?"

"இம்புட்டுப் பெரிய மெஷினு, ஒரு கை பட்டதும் பொசுக்குன்னு நின்னுபோச்சு. எனக்குள்ள இருக்கது எம்மாத்திரம்? மேல ரூம்ல நீங்களுந்தான பாத்தீக. நின்னா அம்புட்டுத்தேன்."

சந்தேகம் வந்தால் அறையைப் பூட்டிவிட்டு ஆளை வெளியே கூப்பிடு என்பதுதான் சங்கிலிமுத்து கற்ற தொழில். ஒரு துளி வெடிமருந்து நிறம் மாறித் தெரிந்தாலே அன்றைக்கு அந்த அறையில் வேலை கிடையாது. இங்கே சந்தேகத்தோடுதான் அவளை உள்ளே அனுப்ப வேண்டும். கூட்டிக்கொண்டு போனால் கட்டி திரும்ப வரும், அதில் சந்தேகப்பட இடமில்லை என்று டாக்டரம்மா முகத்தைப் பார்த்துச் சொல்லிவிட்டார்.

"எனக்கும் பயமாத்தேன் இருக்கு" என்றார். இருபத்தைந்து வருஷக் குடும்பத்தில் அவர் அப்படிச் சொல்லி அவள் கேட்டதில்லை. திரும்பி அவர் முகத்தை உற்றுப் பார்த்தாள்.

எழில் ஒரு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு வந்து, கதிர் அறை வாசலுக்குப் பக்கத்தில் நிறுத்தினாள். உள்ளே இருக்கிற மெஷின் நின்றால் வெளியே இருந்து துடிக்க வைக்கிற மெஷினாம் அது. தூரமாகக் கிடந்த நாற்காலியை இழுத்து வண்டியோரம் போட்டு உட்கார்ந்தாள்.

"ஏம்மா, நீ சாப்பிடப் போகலயா?" என்றாள் முத்துப்பேச்சி.

"உங்களுக்கு முடியட்டும்மா. அதுவரைக்கும் நான் நகரக் கூடாது."

"காலையில?"

எழில் சிரித்து மழுப்பினாள். முத்துப்பேச்சி அவளையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்தாள். யாரோ பெற்ற பிள்ளை தன் நெஞ்சுக்காகப் பட்டினி கிடக்கிறது என்பது, இதுவரை டாக்டர்கள் சொன்ன எதையும்விட அவளுக்குச் சட்டென்று விளங்கியது. உள்ளேயிருந்து செல்வக்குமார் கை காட்டினார். அவள் எழுந்துவிட்டாள்.

"பச்சப்புள்ள வகுறு காயுது, நா இங்கன குத்தவச்சு நாயம் பேசிக்கிட்டு இருக்கேன்" என்றவள், இரண்டு எட்டு வைத்துத் திரும்பினாள். "அன்னைக்கு வாசல்ல மறிச்சீகளே. இன்னைக்கு மறிக்கலயா?"

"மறிக்கல தாயி. போயிட்டு வா."

இந்தத் தடவை தகட்டை விட்டு ஒதுங்கி, இரண்டு கைகளையும் மார்போடு கட்டிக்கொண்டு உள்ளே போனாள்.

கதவு மெதுவாக நகர்ந்து மூடியது. எல்லோரும் வெளியே, அவள் மட்டும் உள்ளே. செல்வக்குமாருக்கு முன்னால் இருந்த கேமரா திரையில், பச்சைப் போர்வைக்குள் அவள் சின்னதாகத் தெரிந்தாள். பக்கத்துத் திரையில் ஊசியும் மேடும் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. வழக்கமாக உறவுக்காரர்களை அங்கே நிற்க விடுவதில்லை. எழில்தான் சொல்லிச் சங்கிலிமுத்துவை ஓரமாக நிற்க வைத்திருந்தாள். செல்வக்குமார் ஒரு சாவியைத் திருப்பினார். கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

சங்கிலிமுத்து ஏதாவது தெரியும் என்று காத்திருந்தார். வாழ்நாள் முழுக்க வெளிச்சமும் சத்தமும் செய்து லோடு ஏற்றிய மனிதர். ஒரு பொறியாவது பறக்க வேண்டாமா, ஒரு வாசமாவது வர வேண்டாமா? ஒன்றுமே இல்லை. போர்வை ஏறி இறங்கியது. கண்ணுக்குத் தெரியாத ஒன்று அந்த அறை முழுக்க நிறைந்து, அவள் உடம்புக்குள் புகுந்து, தேட வேண்டியதைத் தேடிக்கொண்டிருக்கிறது. அதற்கு நாலு விரக்கடை தள்ளி இன்னொன்று தன் பாட்டுக்குத் தட்டிக்கொண்டிருக்கிறது. மனிதப்பயல் இதையெல்லாம் செய்துவிட்டானே என்று நினைத்துக்கொண்டார்.

எழில் திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. ஊசி வந்தது, மேடு வந்தது. அடுத்த ஊசிக்கு அவர் காத்திருந்தார். அதுவும் வந்தது.

வலது கை எப்போது சட்டைக்குள் போனதென்று சங்கிலிமுத்துவுக்கே தெரியவில்லை. உள்ளங்கை இடது மார்பின்மேல் கிடந்தது. வேர்வையில் நனைந்த தோலுக்கு அடியில், யாரும் வைக்காத, யாரும் ஒருநாளும் சோதித்துப் பார்க்காத ஒன்று, அவர் பிறந்த நாளிலிருந்து அவரிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அடித்துக்கொண்டிருந்தது. அவர் கையை எடுக்கவில்லை. கதவுக்கு மேலே விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.