வஜ்ரவேகனுக்கு வசனம் எழுதியவள்

நாற்பத்தோரு வயது ஆண்பிள்ளை, லிஃப்ட் கம்பெனியில் சீனியர் மெக்கானிக், ஒரு பெண்குழந்தைக்குத் தகப்பன். அப்பேர்ப்பட்டவன் அக்காவின் தையல் கடைக்குள் வந்து, கைகளை அகல விரித்துக்கொண்டு "அளவு எடுக்கா" என்று நின்றால், சட்டைக்கு என்றுதான் யாரும் நினைப்பார்கள். தெருவே மாஸ்டரம்மா என்று கூப்பிடும் அவன் அக்காவும் அப்படித்தான் நினைத்தாள்.

"அரைக்கையா, முழுக்கையா?"

"முழுக்கை. முதுகுல முட்டிக்குக் கீழ வரைக்கும் ஒரு அங்கி தொங்கணும். நெஞ்சுல ரெண்டு வரிசையா பன்னெண்டு பட்டன்."

கழுத்தில் கிடந்த டேப்பை எடுக்கப்போன கை அப்படியே நின்றது. பன்னிரண்டு பட்டன் என்றதுமே ஆள் யாரென்று தெரிந்துவிட்டது. முப்பத்தைந்து வருடமாக அவளுடைய வயிற்றெரிச்சலுக்கெல்லாம் காரணமான, டிவி தொடர் நாயகன் வஜ்ரவேகன்தான்.

"ஞாயித்துக்கிழமை பெரிய ரோட்டுல புதுசா ஒரு டிவி ஷோரூம் திறக்கறாங்க. திறந்து வைக்க அவரே வர்றார். வஜ்ரவேகனா நடிச்சாரே, அவர். வேஷம் போட்டுட்டு வர்றவங்களை மேடையில ஏத்தி ரெண்டு நிமிஷம் பேச விடுவாங்களாம்."

"உனக்கு இடுப்பு நாப்பது இன்ச். அவனுக்கு இவ்வளவு தொப்பை இருந்ததா எனக்கு ஞாபகம் இல்ல."

"தொப்பையை நான் எக்கிக்கறேன். நீயும் கூட வரணும்க்கா. அவர் இல்லேன்னா நான் எழுந்து நடந்தே இருக்க மாட்டேன். நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லணும்ல?"

சொல்லிவிட்டு எதிரே இருந்த ஆள் உயரக் கண்ணாடியில் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அவள் குனிந்து அவன் இடுப்பைச் சுற்றி டேப்பை வளைத்தாள். கொஞ்சம் இறுக்கமாகவே வளைத்தாள் என்று சொல்ல வேண்டும்.

விஷயம் இதுதான். தம்பிக்கு ஆறு வயது, அவளுக்குப் பதினொன்று. அவன் மாடிப்படியில் உருண்டு தொடை எலும்பை முறித்துக்கொண்டான். இடுப்பிலிருந்து கணுக்கால் வரை மாவுக்கட்டு. ஐந்து மாதம் கட்டிலிலேயே கிடக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்துப் பையன்கள் பார்க்க வந்தபோதெல்லாம் வஜ்ரவேகன் புராணம்தான். ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு டிவியில் வருவானாம், காற்றைவிட வேகமாக ஓடுவானாம். இவர்கள் வீட்டில் டிவி கிடையாது. பக்கத்து வீட்டில் இருந்தது. ஆனால் குழாய்த் தண்ணீர்ச் சண்டைக்குப் பிறகு அப்பாவுக்கும் அந்த வீட்டுக்காரருக்கும் முகத்தைப் பார்த்துக்கொள்வதுகூடக் கிடையாது. தம்பி அழுதான். அழுதால் கட்டுக்குள் அரிக்கும், அரித்தால் இன்னும் அழுவான்.

"நான் போய் பாத்துட்டு வந்து உனக்குச் சொல்றேன்" என்றாள் அவள்.

நாலு தெரு தள்ளி ஒரு டிவி கடை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டியிருக்கும். வாசல் கண்ணாடிக்குப் பின்னால் ஒரு பெட்டி மட்டும் விளம்பரத்துக்காக ஓடிக்கொண்டிருக்கும். கண்ணாடியோ விரல் தடிமன். படம் தெரிந்தது, சத்தம் ஒரு பொட்டுகூட வெளியே வரவில்லை. யாரோ ஓடினார்கள், யாரோ வாயைத் திறந்து திறந்து மூடினார்கள். பையன்கள் சொன்ன பெயர் அவளுக்குச் சரியாக நினைவில்லை; அது எழுத்தில் வந்தபோது முன்னால் ஒரு ஆள் வந்து மறைத்துக்கொண்டு நின்றார். நெஞ்சில் இருந்த பன்னிரண்டு பட்டன்தான் அவளுக்குத் தெரிந்த ஒரே அடையாளம். வீட்டுக்கு வந்து "பட்டன் மாமா" என்று பெயர் வைத்துவிட்டாள். பையன்கள் சொல்லும் பேர் வேறயாச்சே என்று தம்பி கேட்டதற்கு, "அது வெளியில கூப்பிடறது. வீட்ல பட்டன்தான்" என்று கூசாமல் அடித்துச் சொல்லிவிட்டாள்.

வசனமெல்லாம் அவளே போட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை போதாமல், தினமும் வருகிறது என்று புளுகி, திங்கள் முதல் சனி வரைக்கும் கதை கட்டினாள். பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து ஆரம்பித்துவிடுவாள். தம்பிக்கு மருந்து கசந்த அன்று பட்டன் மாமாவுக்கும் கசந்தது. ஊசிக்குப் பயந்து பட்டன் மாமா பீரோவுக்குள் ஒளிந்தார். பக்கத்து வீட்டுக்காரர் தண்ணீர் குடிக்கும் பூதமாக வந்து உதை வாங்கினார்.

கட்டைப் பிரித்த அன்றுதான் பெரிய சோதனை. கால் குச்சியாக இளைத்திருந்தது. தரையில் வைக்கவே மாட்டேன் என்று தம்பி சாதித்தான். அம்மா கெஞ்சினாள், அப்பா மிரட்டினார், ஒன்றும் நடக்கவில்லை. அன்று சாயங்காலம் அவள் சொன்ன கதையில் பட்டன் மாமாவுக்கே கால் முறிந்து ஒட்டியிருந்தது. காற்றைவிட வேகமாக ஓடினவருக்கு நடக்கப் பயம். சுவரைப் பிடித்துக்கொண்டு ஏழு அடி வைத்தார், எட்டாவது அடியில் விழுந்தார். விழுந்ததும் அழவில்லை, சிரித்தார். மறுநாள் காலை தம்பி சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஏழு அடி வைத்து, எட்டாவதில் வேண்டுமென்றே விழுந்து, சிரித்தான்.

இவ்வளவும் செய்தது யார்? அக்கா. பெயர் யாருக்கு? பள்ளிக்கூடத்தில் 'எனக்குப் பிடித்தவர்' என்று கட்டுரை எழுதச் சொன்னபோது வஜ்ரவேகன் என்று மூன்று பக்கம் எழுதினான். அம்மா அதை வீட்டில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். கம்பெனியில் சிறந்த மெக்கானிக் என்று கேடயம் கொடுத்தபோது மேடையேறி, "எனக்கு நடக்கக் கத்துக்குடுத்தவர் வஜ்ரவேகன்" என்றான். முன் வரிசையில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருந்த அக்கா பல்லைக் கடித்துக்கொண்டு கைதட்டினாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முதலில் பிள்ளை மனசு உடைந்துவிடுமே என்று சொல்லவில்லை. பிறகு வீம்பு. தானாகத் தெரிந்துகொள்ளட்டும், நான் போய்ப் பிச்சை கேட்பதா என்ற வீம்பு.

அந்த வாரம் முழுக்க அந்த உடைதான் மிஷினில் கிடந்தது. நீலச் சாட்டின் துணி, ஊசிக்கு அடங்காமல் வழுக்கியது. புதன்கிழமை கழுத்துப் பட்டியைத் தைக்கும்போது அவளுக்கு ஒரு கெட்ட எண்ணம் வந்தது. அரை இன்ச் குறைத்துத் தைத்தாள். மேடையில் மூச்சு முட்டி நிற்கட்டும், அந்த நடிகரைப் புகழக் குரல் வராமல் போகட்டும். தைத்து முடித்துப் பார்த்தாள். இருபத்தைந்து வருடத் தொழிலில் இப்படி ஒரு கோணல் தையல் அவள் கையிலிருந்து போனதில்லை. பிரித்து மறுபடி தைத்தாள். பன்னிரண்டு பட்டனுக்கும் காஜாவை மிஷினில் போடாமல் கையாலேயே போட்டாள். பொறாமையில் வெந்துகொண்டிருந்தாலும் வேலை என்று வந்தால் அவளால் மட்டமாகச் செய்ய முடியாது.

ஞாயிற்றுக்கிழமை ஷோரூம் வாசலில் நல்ல கூட்டம். வேஷம் போட்டு வந்தவர்கள் தம்பியைச் சேர்த்து ஏழு பேர். மற்றவர்களில் ஐந்து பேருக்கு வழுக்கை, ஒருவருக்கு மூட்டு உறை. அவர்கள் எல்லோரும் கடையில் வாங்கிய மலிவு உடையில் வந்திருந்தார்கள். தம்பியைப் பார்த்ததும் ஆறு வஜ்ரவேகன்களும் அவன் அங்கியைத் தொட்டுப் பார்த்தார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமை வரத்தான் செய்தது. உடனே அந்தப் பெருமையும் வஜ்ரவேகனுக்குத்தானே போகிறது என்று நினைவு வந்து மறுபடி எரிந்தது.

நடிகருக்கு எழுபது வயது இருக்கும். மெலிந்த உடம்பு, சாயம் பூசிய தலை, ஒரு சோபாவில் பாந்தமாக உட்கார்ந்திருந்தார். தம்பியின் முறை வந்தது. மைக்கை வாங்கி, மேடையோரம் நின்ற அக்காவை ஒரு தடவை பார்த்துவிட்டு ஆரம்பித்தான்.

"சார், ஒரு எபிசோட்ல உங்களுக்குக் கால் உடைஞ்சு சேர்ந்திருக்கும். நடக்கப் பயப்படுவீங்க. சுவரைப் பிடிச்சு நடந்து, விழுந்துடுவீங்க. அதைக் கேட்டுத்தான் நான் எழுந்து நடந்தேன். அந்தக் கதை உங்களுக்கு ஞாபகம் இருக்கா சார்?"

பெரியவர் அவனைப் பார்த்தார். அவன் காலைப் பார்த்தார். முகமெல்லாம் மலர்ந்தது.

"மறக்க முடியுமா தம்பி? அந்த ஒரு சீனை எடுக்க ரெண்டு நாள் ஆச்சு. நிஜமாவே கால் வீங்கிப்போச்சு."

கூட்டம் கைதட்டியது. தம்பி மைக்கைப் பிடித்தபடி அக்காவைத் திரும்பிப் பார்த்தான். அக்காவுக்குக் காதில் புகை வந்தது. இத்தனை நாள் தம்பிதான் அவள் கதையைத் தூக்கி இந்த ஆளுக்குக் கொடுத்துக்கொண்டிருந்தான். இப்போது இந்த ஆளே கை நீட்டி வாங்கிக்கொள்கிறார். அவள் வேஷம் போடவில்லை, யாரும் கூப்பிடவும் இல்லை. விறுவிறுவென்று படியேறி தம்பி கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள்.

"எத்தனையாவது அடியில விழுந்தீங்க?"

"என்னம்மா?"

"சுவரைப் பிடிச்சு நடந்தீங்கல்ல? எத்தனையாவது அடியில விழுந்தீங்க?"

"அது வந்து... மூணாவதுன்னு நினைக்கிறேன்."

"மூணாவதா?"

"அஞ்சாவதா இருக்கலாம்."

"விழுந்ததும் என்ன பண்ணீங்க?"

"வலியில கத்தியிருப்பேன்மா."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். இன்னொருவர், "பாவம், விடுங்கம்மா" என்றார். அவள் விடவில்லை. பதிலுக்குக் காத்து நின்றாள். பெரியவர் கையால் மைக்கை மூடிக்கொண்டு, அவளுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னார்.

"எனக்கு ஞாபகம் இல்லம்மா. ஒவ்வொருத்தரும் ஏதோ ஒரு கதையைச் சொல்றாங்க. இல்லேன்னா முகம் வாடிப்போகுது. அதனால எல்லாத்துக்கும் ஆமாம்னு சொல்லிடுவேன். தப்பா எடுத்துக்காதீங்க."

முப்பத்தைந்து வருடமாக எதிர்பார்த்த வெற்றி கையில் வந்துவிட்டது. அவளுக்குச் சந்தோஷமாக இல்லை. ஒரு வயசானவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்தோமே என்று உடம்பு கூசியது. தம்பி குனிந்து அவர் கையைப் பிடித்து என்னவோ சொன்னான். அவர் லேசாகச் சிரித்தார். பிறகு அவன் அக்காவின் முழங்கையைப் பிடித்து அழைத்துக்கொண்டு கீழே இறங்கினான்.

தன் பைக்குக்குப் பக்கத்தில் வந்ததும் தம்பி அங்கியைச் சுருட்டித் தோளில் போட்டுக்கொண்டான்.

"ஏன்க்கா அவரைப் போய் அப்படிக் கேட்ட?"

"பொறாமை" என்றாள். சொன்ன வேகத்தில் எல்லாவற்றையும் கொட்டினாள். "அப்படி ஒரு எபிசோடே கிடையாதுடா. ஏழு அடியும் நான் வச்சது, எட்டாவதுல விழ வச்சதும் நான். கடைக் கண்ணாடிக்கு வெளியில நின்னேன், ஒரு வார்த்தை என் காதுல விழல. அந்த ஆளு பேசினதா நான் சொன்னதெல்லாம் நான் பேசினது. நீ போற இடமெல்லாம் அவன் பேரைச் சொல்ற. எனக்கு எரியாதா?"

"தெரியும்."

"என்ன தெரியும்?"

"எல்லாம் உன் கதைன்னு தெரியும். முதல் வாரமே தெரியும்." தம்பி பைக் சீட்டில் சாய்ந்துகொண்டான். "பத்து மணிக்கு நீ கடைக்கு ஓடிடுவ. பக்கத்து வீட்டு டிவி நம்ம சுவரை ஒட்டித்தான் இருந்துச்சு. உனக்குப் படம் தெரிஞ்சுது, சத்தம் கேக்கல. எனக்குச் சத்தம் மொத்தமும் கேட்டுச்சு, படம் தெரியல. அங்க அவன் 'அழிந்து போ அரக்கனே'ன்னு தொண்டை கிழியக் கத்துவான். நீ மூச்சு வாங்க வந்து, 'பட்டன் மாமா அரக்கனைப் பாத்து, ஏன்டா இளைச்சுட்டன்னு கேட்டார்'னு சொல்லுவ. உன்னுதுதான் நல்லா இருந்துச்சு."

அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. "அப்புறம் எதுக்குடா இத்தனை வருஷமா அவன் பேரைச் சொல்லி என் உயிரை வாங்கின?"

"உன் வாயாலயே வரட்டும்னுதான். கட்டுரை எழுதினேன், கம்முனு இருந்த. கேடயம் வாங்கினப்போ சொன்னேன், கைதட்டிட்டுப் போயிட்ட. இன்னைக்கு அவரே 'அப்படி ஒரு கதை கிடையாதே'ன்னு சொல்லுவார், இதோ கதை சொன்னவங்க நிக்கறாங்கன்னு உன்னைக் கை காட்டலாம்னு இருந்தேன். மனுஷன் ஆமாம்னுட்டார்."

அவள் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். தம்பி சட்டையின் மேல் பட்டனை அவிழ்த்தான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினான்.

"பொறாமைன்னு சொன்னியே, எனக்கும்தான். அஞ்சு மாசம் தினம் ஒரு கதை. டாக்டர் வந்தார், அம்மா வந்தாங்க, பூதம் வந்துச்சு. நீ மட்டும் வரவே இல்ல. எனக்கு மருந்து குடுத்தது நீ, அரிச்சா கட்டுக்குள்ள ஸ்கேல் விட்டுச் சொறிஞ்சு விட்டது நீ. கதையில அதையும் அவன்தான் செஞ்சான். இன்னைக்காவது அக்கா வருவாளான்னு தினமும் கேட்டுட்டுக் கிடப்பேன். எல்லாத்தையும் நீயே அவனுக்குக் குடுத்துட்ட."

அவள் மறுத்துப் பேச வாயெடுத்தாள். நூற்றைம்பது கதையில் ஒன்றாவது இருக்காதா, எங்கேயாவது ஒரு வாசலில், ஒரு ஓரத்தில், ஒரு பெண்பிள்ளை நின்றிருக்க மாட்டாளா என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தாள். ஒன்றுகூட இல்லை.

"எனக்குத் தோணவே இல்லடா" என்றாள்.